நகரத்தோம்: இடைக்காலக் காஞ்சியும் இன்றைய நாமும்



அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைப்பு வந்ததும், தலைப்பை யோசிக்கும் முன் அறக்கட்டளை என்ற சொல்லைத்தான் யோசித்தேன். ஒருவர் ஒரு தொகையைத் தனியே எடுத்துவைக்கிறார். அந்தத் தொகையில் யாரும் கைவைக்கக் கூடாது. அது ஈட்டித் தரும் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு நற்பணி நடக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறார். இன்று நாம் இங்கே கூடியிருப்பது அந்த ஏற்பாட்டினால்தான். தமிழ் மண்ணில் இந்த ஏற்பாட்டுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் வயது. கொடுத்த பொன்னை முதல் என்றார்கள். அதன்மேல் வருவதைப் பொலிசை என்றும் பலிசை என்றும் கல்லில் வெட்டினார்கள். முதல் அழியாமல் இருக்கும். பொலிசையில் விளக்கு எரியும், அன்னம் படைக்கப்படும், மாணவர் உண்பார்கள். எவ்வளவு காலத்துக்கு என்றால், சந்திரனும் சூரியனும் உள்ளவரைக்கும்.

ஒரு பழைய நகரமும் அப்படிப்பட்ட முதல்தான் என்று சொல்லவே இன்று வந்திருக்கிறேன். அந்த முதலைக் காக்க வேண்டியவர் யார் என்பதற்கு இடைக்காலத் தமிழகம் ஒரு சொல்லில் விடை எழுதி வைத்திருக்கிறது. அந்தச் சொல்தான் இந்த உரையின் தலைப்பு. எடுத்துக்காட்டாகக் காஞ்சிபுரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

பேசிய நகரம்

கல்வெட்டுப் படிக்க வரும் மாணவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஒரு குழப்பம் வரும். நகரம் நிலம் விற்கிறது. நகரம் பொன் பெற்றுக்கொள்கிறது. நகரம் வரி நீக்குகிறது. "ஐயா, நகரம் எப்படி நிலம் விற்கும்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. இன்று நகரம் என்றால் நமக்கு ஓர் இடம். கட்டடமும் சாலையும் பேருந்து நிலையமும் சேர்ந்த ஒன்று. சோழர் காலத்துக் கல்வெட்டில் நகரம் என்பது வணிகர்கள் கூடிய அவை. வேளாண் ஊரின் அவைக்கு ஊர் என்று பெயர். பிராமணர் ஊரின் அவை சபை. பல ஊர்கள் கூடிய பரப்பும் நாடு, அதன் அவையும் நாடு. வணிக ஊரின் அவை நகரம். இடத்துக்கும் அங்கே கூடி முடிவெடுத்த மனிதருக்கும் ஒரே பெயர்.

அந்த அவைகள் ஆவணம் எழுதும்போது எப்படி எழுதின என்று கவனியுங்கள். ஊரோம், சபையோம், நாட்டோம், நகரத்தோம். ஓம் என்பது தன்மைப் பன்மை விகுதி என்று பள்ளியில் படித்திருக்கிறோம். வந்தோம், கண்டோம், செய்தோம் என்பதில் உள்ள அதே ஓம். நகரத்தைப் பற்றி வேறு யாரோ எழுதிய வாக்கியம் அங்கே இல்லை. நகரமே தன்வாயால் பேசுகிறது: நகரத்தோம் விற்றுக் கொடுத்தோம், நகரத்தோம் பொன் கைக்கொண்டோம், நகரத்தோம் கடவோம். பொறுப்பு முழுவதும் அந்த விகுதியில் இருக்கிறது.

இங்கே ஒரு நேர்மை வேண்டும். அந்த ஓமுக்குள் எல்லோரும் இருக்கவில்லை. பெண்களில் மிகப் பெரும்பாலோர் இல்லை. கூலிக்கு உழைத்தவர் இல்லை. ஊருக்கு வெளியே சேரிகளில் வைக்கப்பட்டவர் இல்லை. இடைக்காலத்தைப் பொற்காலம் என்று பூசி மெழுகினால் இவர்கள் இரண்டாம் முறையும் மறைந்துபோவார்கள். ஆகவே அந்தச் சொல்லைப் போற்றுவதோடு நம் வேலை முடியாது. அதை அகலமாக்குவதும் நம் வேலை.

அரசனை அழைத்துவந்தவர்கள்

காஞ்சியின் வரலாற்றை வரிசையாகச் சொல்ல நேரம் போதாது. அலகாபாத் தூண் கல்வெட்டில் சமுத்திரகுப்தன் எதிர்கொண்ட அரசர்களில் காஞ்சியின் விஷ்ணுகோபன் இருக்கிறான். கடம்ப மரபின் முதல்வன் மயூரசர்மன் இளமையில் இங்கிருந்த கடிகையில் கல்வி கற்க வந்தான். மணிமேகலைக் காப்பியத்தின் இறுதிப் பகுதி நடப்பது இங்கே. 7-ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் வந்தபோது பௌத்தப் பள்ளிகளும் சமணரும் தேவகோட்டங்களும் ஒரே ஊரில் இருந்ததை எழுதினார். சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி என்று நாம் சொல்வதோடு, வேகவதி ஆற்றைக் கடந்தால் திருப்பருத்திக்குன்றம் என்ற ஜினகாஞ்சியும் உண்டு. அங்கே திரைலோக்கியநாதர் கோயிலில் உள்ள சங்கீத மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டினார்.

இவற்றையெல்லாம் விரைந்து கடந்து, ஒரு சுவரின் முன் உங்களை நிறுத்த விரும்புகிறேன். வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மாளிகைச் சுவர் அது. பல்லவ மரபின் வரலாறு அங்கே இரண்டு வரிசைகளில் படம் படமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. மணற்கல் தேய்ந்து பல முகங்களில் மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. ஆனால் ஒரு பகுதியில் சிற்பங்களோடு எழுத்தும் இருக்கிறது. பரமேசுவரவர்மன் இறந்துவிட்டான், அரியணைக்கு ஆள் இல்லை. நாட்டின் முதன்மையோரான மாத்ரர், மூலப்பிரகிருதிகள், கடிகையார் என்போர் பல்லவரின் கிளைமரபைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போகிறார்கள். உங்கள் மக்களில் ஒருவரைத் தாருங்கள் என்று கேட்கிறார்கள். மூத்த மூன்று மக்கள் மறுக்கிறார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன் நான் போகிறேன் என்கிறான். தந்தைக்கு மனம் ஒப்பவில்லை, பிறகு இசைகிறான். காடும் மலையும் ஆறும் கடந்து அந்தச் சிறுவன் காஞ்சிக்கு வருகிறான். அவனை எதிர்கொண்டு வரவேற்றவர்களின் பட்டியலில் மாசாமந்தர் என்ற சிற்றரசரோடு நகரத்தாரும் இருக்கிறார்கள். அந்தச் சிறுவன்தான் பல்லவமல்லன் என்ற இரண்டாம் நந்திவர்மன். அவன் கட்டிய கோயில் இது.

இந்தச் சிற்பங்களை வரிசைப்படுத்தி, கல்வெட்டோடும் செப்பேட்டோடும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது என்று எழுதியவர் முனைவர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். பல்லவர் கால ஆட்சியையும் சமூக வாழ்வையும் பற்றிய அவருடைய நூல் 1938-இல் வந்தது. வைகுண்டப் பெருமாள் சிற்பங்களைப் பற்றிய நூல் 1941-இல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே, முப்பத்தைந்து வயதுகூட நிறையாமல் மறைந்துவிட்டார். அதன்பிறகு அந்தச் சுவர் இன்னும் தேய்ந்திருக்கிறது. அவர் பார்த்ததை இன்று நம் கண்ணால் முழுதும் பார்க்க முடியாது. அவர் எழுத்தின் வழியாகப் பார்க்கிறோம். கல் தேயும்போது அதன் பொருளைக் கையேற்க ஓர் ஆள் அங்கே இருந்தார் என்பது சிறிய செய்தி இல்லை.

முதலைத் தொடாத பகைவன்

அடுத்து ஒரு தூண். கைலாசநாதர் கோயில், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுத்தது. கருங்கல் அடித்தளத்தின்மேல் மணற்கல்லால் எழுந்த கோயில். திருச்சுற்று முழுதும் சிறு சன்னிதிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். அவற்றின் மாடங்களில் பல்லவர் கால வண்ண ஓவியத்தின் எச்சங்கள் இருப்பதை 1931-இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் கண்டறிந்து சொன்னார்.

இந்தக் கோயில் மண்டபத் தூண் ஒன்றில் கன்னட மொழியில் ஒரு கல்வெட்டு உண்டு. அதை வெட்டியவன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன். பின்னணி உங்களுக்குத் தெரியும். 642-இல் பல்லவர் படை வாதாபியைப் பிடித்தது. சாளுக்கியத் தலைநகர் வீழ்ந்தது. அந்த வடு நூறாண்டு ஆறவில்லை. பிறகு விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பழிதீர்க்க வேண்டிய எல்லாக் காரணமும் அவனிடம் இருந்தது. கோயிலின் பெருஞ்செல்வத்தைப் பார்த்தான். எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பித் தந்தான். அதைத்தான் அந்தத் தூணில் எழுதி வைத்தான். அவன் வெற்றியைக் கொண்டாட அவன் தேவி லோகமாதேவி பட்டதக்கல்லில் எடுத்த விருபாட்சர் கோயிலில் காஞ்சிக் கட்டடக்கலையின் சாயலை இன்றும் காணலாம்.

வெற்றி பெற்றவன் நகரத்தின் முதலில் கைவைக்கவில்லை. அதன் அழகைப் பொலிசையாகத் தன் ஊருக்குக் கொண்டுபோனான். காஞ்சியும் குறையவில்லை, பட்டதக்கல்லும் நிறைந்தது.

கணக்குப் பார்த்த நெசவாளர்

மூன்றாவதாக ஒரு செப்பேடு. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உத்தம சோழன் காலத்தில் எழுதப்பட்டது. இடைக்காலக் காஞ்சியின் அன்றாடத்தை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் வேறோர் ஆவணத்தை நான் படித்ததில்லை. ஊருக்கு அப்போது கச்சிப்பேடு என்று பெயர். கோயில், ஊரகத்து நின்றருளிய பெருமாள் கோயில்; இன்று உலகளந்த பெருமாள் கோயில் என்கிறோம்.

அந்தக் கோயிலுக்கு வருவாய் எங்கிருந்து வந்தது? கோல்நிறைக் கூலி, கால் அளவுக் கூலி என்று செப்பேடு சொல்கிறது. தராசுக் கோலில் நிறுக்கும் சரக்குக்கு ஒரு கூலி. மரக்காலில் அளக்கும் சரக்குக்கு ஒரு கூலி. அங்காடியில் ஒவ்வொரு முறை தராசு தாழும்போதும் கோயில் விளக்குக்கு ஒரு துளி நெய் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வருவாய், பொன் முதலீடு. கூரம், அரியபெரும்பாக்கம் ஆகிய ஊர்ச் சபைகள் கோயில் பொன்னை முதலாகப் பெற்று ஆண்டுதோறும் பொலிசையாக நெல் அளந்தன. நகரத்தின் பொன் வயலுக்குப் போனது. வயலின் நெல் நகரத்துக்கு வந்தது.

இனி, இவற்றையெல்லாம் யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது. காஞ்சியில் நான்கு குடியிருப்புகள் இருந்தன: கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி, ஏற்றுவழிச்சேரி. அங்கே வாழ்ந்தவர்கள் பட்டசாலிகள் எனப்பட்ட நெசவாளர்கள். கோயில் காரியத்தை மேற்பார்க்கவும் கணக்கெழுதவும் அந்தக் குடியிருப்புகளுக்கே பொறுப்புத் தரப்படுகிறது. அதற்கு ஈடாக அவர்களுக்கு வரிச்சலுகை. திருவிழா முடிந்ததும் நகரத்தின் ஆண்டு வாரியத்தார் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்.

திருவிழா முடிந்ததும் என்று எழுதியவரின் கூர்மையைப் பாருங்கள். கொடி இறங்கியாயிற்று, பந்தல் பிரித்தாயிற்று, ஊர் களைத்துத் தூங்குகிறது. செலவு கைமறந்து போவதும் கணக்கு கலைந்து போவதும் அந்த வேளையில்தான். உடனே உட்கார்ந்து கணக்குப் பார் என்கிறது ஆவணம்.

இன்னொன்று. தறியில் உட்கார்ந்த கையிடம் நகரம் தன் கோயிலின் கணக்கை ஒப்படைத்திருக்கிறது. நெசவாளருக்கு இழை எண்ணத் தெரியும். ஓர் இழை அறுந்தாலும் கண்ணில் படும். அந்தக் கண்ணை நகரம் நம்பியது. இன்று பழைய நகரங்களின் மரபைக் காக்க எத்தனையோ குழுக்கள் அமைக்கிறோம். அந்தக் குழுவில் அந்தத் தெருவின் நெசவாளர் ஒருவராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும் என்பேன்.

கல்லில் இருக்கும் முகவரி

காஞ்சியை விட்டு ஒரு நிமிடம் தஞ்சைக்குப் போய்த் திரும்புவோம். பெரிய கோயிலில் இராசராசன், தான் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிப் பணிசெய்த பெண்களின், பெயர்களை வெட்டி வைத்திருக்கிறான். பெயர் மட்டுமா? எந்தத் தளிச்சேரி, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று முகவரியும் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணியைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான இன்னொருவரை அமர்த்த வேண்டும் என்றும் ஏற்பாடு உண்டு.

அந்தப் பெண்கள் தங்கள் விருப்பத்தால் வந்தார்களா என்று கல் சொல்லவில்லை; நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கேள்வி அது. ஆனால் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 1987 முதல் நாம் பெருமைப்படும் அந்த விமானத்தைச் சுற்றி நானூறு கதவுகள் இருந்தன. அந்தக் கதவுகள் ஒன்றும் இன்று இல்லை. கோபுரம் நிற்கிறது, தெரு போய்விட்டது. பெயர்கள் தங்கியதற்குக் காரணம், யாரோ ஒருவர் தெருத்தெருவாகக் கணக்கெடுத்து எழுதியது.

தெருவும் ஒரு தறி

இப்போது இன்றைய காஞ்சிக்கு வருவோம். பிள்ளையார்பாளையத்துக்கு விடியும் முன் போய்ப் பாருங்கள். நான் முதன்முதலில் போனது மாணவனாக, ஒரு குளிர்கால அதிகாலையில். வெளிச்சம் வராத தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவு விரித்துக் கட்டியிருக்கிறது. அரிசிக் கஞ்சியை இழைமேல் தடவிக்கொண்டே போகிறார்கள். பின்னால் வருபவர் கோதிவிடுகிறார். அறுந்த இழையை ஒரு பாட்டி விரல்நுனியால் முடிகிறார். யாரும் உரக்கப் பேசவில்லை. வெயில் ஏறினால் இழை முறுகிவிடும்; அதற்குள் முடித்தாக வேண்டும். தெருப்பாவு என்று அதற்குப் பெயர். ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று புடவை. அந்த நீளத்தை எந்த வீட்டுக்குள்ளும் விரிக்க முடியாது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. அங்கே தெருதான் முதல் தறி. வீட்டுக்குள் இருக்கும் பள்ளத் தறி இரண்டாவது. தெரு நேராக இருக்க வேண்டும், அகலம் வேண்டும், விடியற்காலை இரண்டு மணி நேரம் அது நெசவாளருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். இருபுறமும் வண்டிகள் நிறுத்தப்பட்டு, வாசல்கள் நீட்டிக் கட்டப்பட்டு, தெரு சுருங்கினால் ஒரு தொழிற்கூடம் சுருங்குகிறது. ஆனால் எந்தப் பதிவேட்டிலும் அந்தத் தெரு மரபுச் சின்னம் என்று எழுதப்படவில்லை.

உள்ளே தறியில் நடப்பதையும் சொல்ல வேண்டும். காஞ்சிப் பட்டின் உடலும் கரையும் வேறு வேறு நிறமாகச் சேர்வதைக் கோர்வை என்கிறார்கள். மூன்று நாடா ஓடும். மறுபக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவை வீசித் தர வேண்டும். பெரும்பாலும் மனைவியோ பிள்ளையோ. முந்திக்கு வேறு நிறம் வரும்போது பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையை முறுக்கிச் சேர்ப்பார்கள், அது பேட்னி. ஆயிரக்கணக்கான இழை. ஓர் இழையைத் தவறவிட்டால் முந்தியில் கீறல் விழும். 2005-ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு புடவைக்குக் கிடைத்தது. அந்தத் தெருவுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

செப்பேட்டில் உள்ள பட்டசாலிகளின் நேர் வழித்தோன்றல்கள் இவர்கள் என்று நான் சொல்லவில்லை. விஜயநகர காலத்திலும் அதன் பின்னும் தெலுங்கும் கன்னடமும் பேசிய பல நெசவுக் குடிகள் இங்கே வந்து சேர்ந்தன. சரிகை சூரத்திலிருந்தும் பட்டு கர்நாடகத்திலிருந்தும் வருகின்றன. இழை மாறியது, மொழி மாறியது, ஆள் மாறினார். ஆனால் காஞ்சி நெய்துகொண்டே இருந்தது. வந்தவரை நெசவாளராக ஏற்றுக்கொண்ட ஊர் என்பதும் அதன் மரபுதான்.

குறைந்துவரும் முதல்

இனி வலிக்கும் பகுதி. பல ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல வேண்டாத ஒரு பழைய கோயிலில் நானும் மாணவர்களும் மைப்படி எடுத்தோம். கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்குவோம். பிறகு மை தோய்த்த துணிப்பந்தால் ஒற்றினால் தாள் கறுக்கும். எழுத்து வெள்ளையாக எழும். ஒரு விளக்குக்கு ஆடு கொடுத்த பெண்ணின் பெயர் அன்று அப்படித்தான் எழுந்தது. ஒரு மாணவி அதை வாய்விட்டுப் படித்தாள். எல்லோரும் கை தட்டினோம்.

சில ஆண்டு கழித்துத் திருப்பணி முடிந்த பிறகு மீண்டும் போனேன். சுவர் புதுக்கல்போலப் பளிச்சென்று இருந்தது. மணல் வீச்சு இயந்திரத்தால் சுத்தம் செய்திருந்தார்கள். அந்த வரி இருந்த இடத்தில் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தது. யாரும் தீய எண்ணத்தில் செய்யவில்லை. கோயில் தூய்மையாக இருக்க வேண்டும் என்ற பக்தியில் செய்தார்கள். ஆயிரம் ஆண்டு மழை அழிக்காத ஒரு பெண்ணின் பெயரை ஒரு வாரத்து அன்பு அழித்துவிட்டது. அந்த மைப்படித் தாள் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மைய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. 2010-இல் வந்த திருத்தம் இது. அந்தச் சட்டம் தேவை; அது இல்லாவிட்டால் கைலாசநாதருக்குப் பக்கத்தில் என்ன எழுந்திருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது. ஆனால் அது கல்லைச் சுற்றி வரையும் வட்டம். குளத்துக்கு நீர் கொண்டுவரும் கால்வாய் அந்த வட்டத்துக்கு வெளியே அடைபடும். தெருப்பாவு விரிக்கும் தெரு அந்த வட்டத்துக்குள் வராது. 2015-இல் மைய அரசு ஹிருதய் என்ற திட்டத்தில் பன்னிரண்டு மரபு நகரங்களைத் தேர்ந்தெடுத்தது. காஞ்சிபுரமும் அதில் ஒன்று. திட்டங்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. நகரத்துக்கு முடிவு நாள் கிடையாது. திட்டம் போன பிறகும் தங்கியிருப்பவர்களிடம் பொறுப்பு சேராவிட்டால் செலவிட்டது நிலைக்காது.

நாற்பது ஆண்டுத் தவணை

காஞ்சிக்குத் தங்கியிருந்து பொறுப்பேற்கத் தெரியும். அதற்குச் சான்று நம் கண்முன்னே நடந்தது. வரதராசர் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் அத்திமரத் திருமேனியான அத்திவரதர் இருக்கிறார். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை நீரை இறைத்து வெளியே எடுப்பார்கள். 1979-க்குப் பிறகு 2019-இல், சூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள் காட்சி தந்தார். ஒரு கோடி பேர் அளவுக்கு வந்தார்கள் என்றார்கள்.

கூட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எனக்கு அந்தத் தவணைதான் வியப்பாக இருந்தது. 1979-இல் குளத்துக்குள் வைத்தவர்களில் பலர் 2019-இல் இல்லை. நாம் போனாலும் நாற்பது ஆண்டு கழித்து இந்த ஊரில் ஆள் இருப்பார்கள், படிக்கட்டு எந்தப் பக்கம் என்று தெரிந்திருப்பார்கள், சேற்றை எப்படி விலக்குவது என்று அறிந்திருப்பார்கள் என்று நம்பித்தான் வைத்தார்கள். நம்பிக்கை வீண்போகவில்லை. அடுத்த முறை 2059. அதே நம்பிக்கையைத் தெருவுக்கும் கால்வாய்க்கும் கல்வெட்டுக்கும் நீட்ட முடியாதா?

முடியும் என்றே நினைக்கிறேன். மூன்று வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, தளிச்சேரிப் பட்டியல்போல ஒரு தெருப் பதிவேடு. எந்தத் தெருவில் எத்தனை தறி ஓடுகிறது, எந்த வீட்டில் பழைய திண்ணை இருக்கிறது, எந்தக் கிணறு வற்றவில்லை என்று ஆண்டுதோறும் எழுதுவது. உள்ளூர்ப் பள்ளி மாணவர்களே இதைச் செய்யலாம். இரண்டாவது, எந்தத் திருப்பணி தொடங்கும் முன்பும் அந்தக் கோயிலின் எல்லாக் கல்வெட்டுகளுக்கும் மைப்படியும் ஒளிப்படமும் எடுத்து, ஊரின் நூலகத்தில் ஒரு படி வைப்பது. மூன்றாவது, மரபுக் குழு ஒவ்வொன்றிலும் அந்தத் தெருவில் வாழ்பவருக்கு இடம். பழைய நகரத்தோமில் இடம் கிடைக்காத பெண்களும் உழைப்பாளிகளும் அதில் முதலில் உட்கார வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, திருவிழா முடிந்ததும், ஊர் கூடி அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். இதில் எதுவும் நான் கண்டுபிடித்தது இல்லை. எல்லாம் அந்தச் செப்பேட்டிலும் கல்லிலும் இருப்பது.

சாவா மூவாப் பேராடு

முடிக்கும் முன் ஒரு சொற்றொடர். சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைப்பவர் பெரும்பாலும் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடு கொடுப்பார். ஆயர் ஒருவர் அதை ஏற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைக் கல்வெட்டு, சாவா மூவாப் பேராடு என்று அழைக்கிறது. சாகாத, மூப்படையாத ஆடுகள்.

அதை எழுதியவருக்கு ஆடு சாகும் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். ஓர் ஆடு சாகும். ஒரு குட்டி பிறக்கும். ஆயர் மாலையில் பட்டியை அடைக்கும்போது எண்ணிப் பார்ப்பார். எண்ணிக்கை குறையாத வரைக்கும் மந்தைக்குச் சாவில்லை; விளக்கும் அணையாது.

பழைய நகரமும் அப்படித்தான். எல்லா வீடும் நிற்காது. எல்லாத் தறியும் ஓடாது. மணற்கல் தேயாமல் இருக்காது. ஒன்று போகும்போது அதன் இடத்தில் வைக்க என்ன பிறந்திருக்கிறது என்று மாலைதோறும் எண்ணும் ஓர் ஆள் வேண்டும். இந்த அரங்கின் பின்வரிசைகளில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள், 2059-இல் என் வயதில் இருப்பீர்கள். இன்றைக்கே உங்கள் ஊரில் ஒரு தெருவைத் தேர்ந்து எண்ணத் தொடங்குங்கள். எண்ணியதை எழுதுங்கள். எழுதி முடித்ததும் கீழே உங்கள் பெயரோடு, அந்தத் தெருவில் உள்ள எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, நகரத்தோம் என்று கையெழுத்திடுங்கள்.